மாட்டுங்காவுக்கு இட்லி விற்காதவர்

எங்கள் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்றவர். வடாலா, ஆன்டாப் ஹில், சில நாள் பரேல் வரைக்கும்கூடப் போய்வருவார். வீட்டிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கிற மாட்டுங்காவுக்குள் மட்டும் சைக்கிளைத் திருப்பமாட்டார். ஏன் என்று கேட்டால், “இட்லி தெரிஞ்சவன்கிட்டப் போயி இட்லி விக்கக் கூடாது மக்கா. நொட்டம் சொல்லுவான்” என்று சிரிப்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் இதை ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த எனக்கும் அக்காவுக்கும் மாட்டுங்கா என்பது ஏதோ இட்லிப் பரீட்சை நடக்கிற ஊர் என்றே பதிந்துபோனது.

அக்கா சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். 1982இல் எம்.ஜி.ஆர். திட்டத்தை விரிவாக்கியபோது ஊர் ஊராகப் பெண்களுக்குக் கிடைத்த வேலை அது. அவள் சில வருஷம் கழித்துச் சேர்ந்தாள். அவள் சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பதே தனிச் சுகம். தட்டில் இருப்பதை மற்றவர்கள் ருசி பார்ப்பார்கள், அவள் அளவு பார்ப்பாள். சாம்பாரை ஒரு கரண்டி தூக்கி ஊற்றினாலே, “இது படிக்கு நூறு கிராம் பருப்பு கொறச்சல்” என்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சமையல்காரர் எத்தனை மூட்டை அரிசி திருடினார் என்று கணக்குப் போட்டவள். 2018இல் ஓய்வு பெற்றதும் அவள் என்னிடம் சொன்ன முதல் ஆசை காசி, ராமேஸ்வரம் ஒன்றுமில்லை.

“ஏட்டி, ஒரு தடவை மாட்டுங்காவுல போயிச் சாப்பிட்டுட்டு வரணும்.”

யூடியூபில் பார்த்து ஒரு டைரியில் கடைப் பெயர்களை எழுதி வைத்திருந்தாள். எனக்கு அந்தப் பட்டியலில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. நான் தாராவியில் தனியாக இருக்கிற பெரியம்மையைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பொங்கலுக்குப் போனால் இரண்டும் நடக்கும் என்று 2019 ஜனவரியில் புறப்பட்டோம். நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம். காலடியில் மஞ்சள்குலையும் ஒரு கட்டுப் பனங்கிழங்கும். பனங்கிழங்கு இல்லாமல் எங்கள் பக்கத்தில் பொங்கல் கிடையாது. சோலாப்பூர் தாண்டி ஏறிய ஒரு மராத்திக்காரம்மா அது என்ன வேர், எந்த நோய்க்கு என்று சைகையில் கேட்டாள். அக்கா ஒன்றை ஒடித்து நாரை உரித்துக் கையில் கொடுத்தாள். அந்தம்மா மென்றாள், மென்றாள், ரொம்ப நேரம் மென்றாள். முகத்தில் மரியாதை மட்டும் குறையவில்லை.

பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், செம்பூர் திலக் நகரில் வீடு எடுத்திருந்தான். அங்கேதான் தங்கினோம். இறங்கிய நாளிலிருந்தே பெஸ்ட் பஸ் ஸ்டிரைக். ஜனவரி 8ஆம் தேதி தொடங்கியது, ஊர் முழுக்க ஒரு சிவப்பு பஸ் ஓடவில்லை. அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. பஸ் ஓடியிருந்தால் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நாங்கள் நடந்திருக்கமாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை குர்லாவில் வண்டி மாறி மாட்டுங்காவில் இறங்கினோம். டிக்கெட் கொடுப்பதிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் வரை பெண்களே நடத்துகிற ஸ்டேஷன் அது, 2017இலிருந்து. அக்கா சும்மா ஒரு பிளாட்பாரம் டிக்கெட் கேட்டு வாங்கி, அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வெளியே வந்ததும் பூக்கடைகள். கட்டின மல்லிகை, கதம்பம், மாலை. கொஞ்சம் தள்ளிக் காய்கறிக்காரர்களிடம் சின்ன வெங்காயம், முருங்கைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை. இதெல்லாம் நம்மூரில் சாதாரணம்தான். ஆனால் பம்பாயில் ஒரு வாழைப்பூவுக்காக டோம்பிவிலியிலிருந்து ரயில் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூஜைச் சாமான், பஞ்சாங்கம், சுலோகப் புத்தகம் விற்கிற கிரி டிரேடிங் மயிலாப்பூர்க் கடை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது பிறந்தது இங்கே என்று அண்ணன் சொன்னான்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவி ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, நெரிசலைக் குறைக்க நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை வெள்ளைக்காரர்கள் அமைத்தார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் எல்லாம் அந்த டிரஸ்ட் கோடு போட்டு அமைத்த பகுதிகள். அகலமான தெரு, மரம், மூன்று நான்கு மாடிக் கட்டடம். சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு கும்பகோணத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆபீஸ் வேலைக்கு வந்த பிராமண இளைஞர்கள் இங்கே அறை எடுத்தார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தொடங்கியாயிற்று. கல்யாணமாகாத குமாஸ்தாவுக்கு முதல் தேவை சோறு. ரூயா காலேஜ் பக்கம் மணீஸ் லஞ்ச் ஹோம் 1937, ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ஸ்டேஷன் பக்கத்து மாடியில் ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. ஆறு வருஷத்துக்குள் இத்தனை. அக்காவின் டைரிப் பட்டியலுக்குப் பக்கத்தில் நான் இந்த வருஷங்களை எழுதிக்கொடுத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “அப்ப யுத்தமில்லா நடக்கு? அரிசி எங்கேருந்து வந்திச்சாம்?” ரேஷன் காலத்தில் ஹோட்டல் நடத்திய கதையை யாராவது எழுதியிருந்தால் அக்காவிடம் கொடுக்க வேண்டும்.

கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மெட்ராஸ் வாசலில் ஒரு கல்யாணக் கூட்டம் நின்றது. பெயரை எழுதிக்கொண்டு கூப்பிடும்போது உள்ளே விடுகிறார்கள். குஜராத்திக் குடும்பங்கள், மராத்திப் பிள்ளைகள், நடைப்பயிற்சி முடித்துக் கால்சராயோடு வந்த தாத்தாக்கள். தமிழ்க் குரல் அபூர்வமாகத்தான் கேட்டது. கடை நடத்துகிற காமத் குடும்பமும் தமிழர் இல்லை, கர்நாடகக் கடற்கரையிலிருந்து வந்த கொங்கணிக்காரர்கள். பெயர் மெட்ராஸ், முதலாளி மங்களூர்ப் பக்கம், சாப்பிடுகிறவர் கட்ச் பக்கம். தெற்கேயிருந்து வந்தவன் எல்லாம் மதராஸி என்று பம்பாய் ஒரே கட்டாகக் கட்டியதை அந்தப் பக்கத்து ஹோட்டல்காரர்கள் நல்ல வியாபாரமாக மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றியது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

நான்கு பேர் மேசையில் முன்பின் தெரியாத இருவரோடு உட்கார்ந்தோம். ரசவடை வந்தது. ஒரு கிண்ணத்தில் சுடச்சுட ரசம், அதற்குள் முங்கிக் கிடக்கிற உளுந்தவடை. எங்கள் வீட்டில் மிஞ்சின வடையைத்தான் ரசத்தில் போடுவோம். இங்கே புது வடை. வெளித்தோல் இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும்போதே உள்ளே ரசம் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு நிமிஷத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். அக்கா பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாள், அவளுக்கு அது பெரிய விஷயம். பிறகு ராகி தோசை. கேழ்வரகைப் பார்த்ததும், “இதத்தான் நாங்க கூழா ஊத்தினா புள்ளைக முகத்தச் சுளிக்கும்” என்றாள். எதிரில் இருந்த குஜராத்திப் பையன் எங்கள் பேச்சு நின்ற இடம் பார்த்து, “ஃபர்ஸ்ட் டைம்?” என்று கேட்டான். சட்னியை எப்படித் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்கு அக்கறையாக விளக்கினான். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

மத்தியானம் ராமநாயக் கடைக்குப் படியேறினோம். பணம் கட்டி டோக்கன் வாங்கி, கூப்பிட்டதும் உட்கார வேண்டும். வாழை இலை. சிறுவனாகப் பம்பாய் வந்து சமையலறை வேலை பார்த்து முன்னுக்கு வந்த ராமநாயக் தொடங்கிய இடம், அதே மரபில் இன்னும் நடக்கிறது. சமையலறையை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அக்கா அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுக்கு முன்பே போய் நின்று அண்டாக்களைப் பார்த்துவிட்டு வந்து, “சுத்தமா வச்சிருக்கான். ஒரு ஈட்டுக்கு இருநூறு இலைக்குக் கொறையாது” என்று அறிக்கை கொடுத்தாள். இலையில் சப்பாத்தியும் விழுந்தது, சோறும் விழுந்தது, ரசமும் விழுந்தது. பரிமாறுகிறவர் ஓடவில்லை, ஆனால் இலை காலியாகவும் இல்லை. அந்த வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உடுப்பிச் சமையலுக்கே உரிய வெல்லத் தித்திப்பு சாம்பாரில் உண்டு என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். “அது அவிய பழக்கம், நாம என்ன சொல்லதுக்கு இருக்கு” என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

சாயங்காலம் அங்கிருந்து தாராவிக்கு நடந்தோம். ரயில் பாதையைக் கடந்தால் மாட்டுங்கா லேபர் கேம்ப், அதையொட்டியே தாராவி. பெயரில் இரண்டும் மாட்டுங்காதான். மரங்கள் நின்றுவிடும், அது ஒன்றுதான் எல்லைக்கல். 90 அடி சாலையில் ஏறியதும் அக்காவின் நடை மாறிவிட்டது. கடைப்பலகையில் தமிழ், சுவரொட்டியில் தமிழ், வாய்ச்சண்டையில் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம், சால்னா வாசம். 2018இல் ‘காலா’ படம் வந்ததிலிருந்து ஊரில் எல்லாருக்கும் தாராவி தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் இங்கே வரத்தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. தோல் பதனிடுகிற தொழிலுக்கு முதலில் வந்தவர்கள் திருநெல்வேலிச் சீமைத் தமிழ் முஸ்லிம்கள். இங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் கட்டியது. ஆதிதிராவிடர்கள் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913. தோல் ஆலைகள் பெரும்பாலும் போய்விட்டன. கடலைமிட்டாய் இருக்கிறது. பம்பாய் ரயில்களில் சிக்கி என்று விற்பதில் ஒரு பங்கு தாராவிச் சந்துகளில் நம் ஆட்கள் பாகு காய்ச்சி ஊற்றுவது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு இந்தச் சந்துகள்தான் ஞாபகம் வந்தன. குறியீடு இவர்கள் கைக்குக் கிடையாது, கைப்பக்குவம் மட்டும் உண்டு.

பெரியம்மை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பனங்கிழங்குக் கட்டைப் பார்த்ததும் எங்களை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் வாங்கினாள். செம்பூருக்கு மகனோடு போய் இருக்கலாமே என்று கேட்டேன். “அங்க எல்லாவனும் கதவப் பூட்டிட்டு இருக்கான் மக்கா. செத்துக் கெடந்தாலும் பால்காரன் வந்தாத்தான் தெரியும்” என்றாள். அன்று இரவு அங்கேயே படுத்தோம்.

விடியக்காலை மூன்று மணிக்கு கிரைண்டர் சத்தத்தில் அல்ல, தண்ணீர்ச் சத்தத்தில் விழித்தேன். பக்கத்து வீட்டில் இட்லி வேலை ஆரம்பித்திருந்தது. பெரியப்பாவின் லைனை இப்போது அவர்கள்தான் ஓட்டுகிறார்கள், வள்ளியூர்ப் பக்கத்துக் குடும்பம். லைன் என்றால் இன்ன தெரு, இன்ன கட்டடம், இன்ன நேரம் என்பது. இதற்குப் பத்திரம் கிடையாது, ஆனால் அடுத்தவர் நுழைய மாட்டார்கள்.

அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும் அறை. மாவு இரண்டு நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் பொங்கி நின்றது. குழாயில் எப்போது தண்ணீர் வருமோ அதைப் பொறுத்துத்தான் அரிசி ஊறப்போடுகிற நேரம், அதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். இரண்டு பெரிய இட்லிக் கொப்பரை. குழித்தட்டில் ஈரத்துணி விரித்து மாவை ஊற்றி, தட்டின்மேல் தட்டாக இறக்கி மூடுகிறார்கள். வெந்ததும் துணியோடு கவிழ்த்து, துணியின் முதுகில் கைத்தண்ணீர் தெளித்து ஒரு இழு. இட்லி அத்தனையும் பெயர்ந்து விழும், துணியில் ஒரு பொட்டு ஒட்டாது. அந்தப் பெண் இழுக்கிற வேகத்தில் எண்ண முடியவில்லை. அக்கா எண்ணினாள். ஒரு ஈடு இறக்கிவைத்ததும் அடுத்த ஈட்டுக்கு மாவைக் கலக்காமல் ஓரத்திலிருந்து அள்ளுவதைப் பார்த்து, “கலக்கினா அமுங்கிரும், என்ன?” என்றாள். அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இருவரும் பேசினது தொழில் பேச்சு, நான் வெளியே போய்விட்டேன்.

வெளியே சந்தில் அவள் கணவர் சைக்கிள் கட்டிக்கொண்டிருந்தார். கேரியரில் பெரிய அலுமினியப் பாத்திரம், அதில் துணி சுற்றிய இட்லி, ஒரு பக்கம் உளுந்தவடை. ஹேண்டில்பாரில் சாம்பார் தூக்குவாளியும் சட்னி தூக்குவாளியும். சட்னியில் தேங்காயைவிடப் பொரிகடலை கூடுதல். கட்டுப்படியாக வேண்டுமே. கைப்பிடிக்குப் பக்கத்தில் ரப்பர் ஹாரன். இந்த ஹாரனை அமுக்கினால் மாடியில் இருக்கிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். பால், பேப்பர், இட்லி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் உள்ள ஊர். ஏழு மாதத்துக்கு முன் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டதிலிருந்து சட்னி கட்டிக் கொடுப்பது பெரும்பாடு என்றார். இப்போது மாடியிலிருந்து வாடிக்கையாளர்களே பாத்திரம் எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறார்களாம். “முன்னாடியெல்லாம் வேலைக்காரப் பொண்ணுதான் வரும். இப்ப வீட்டுக்காரம்மாவே கிண்ணத்தோட வருது. மூஞ்சி தெரியுது.”

அவர் பேன்ட் போட்டிருந்ததைப் பார்த்ததும் பெரியப்பா ஞாபகம் வந்தது. ஊரில் சாரம் தவிர வேறு கட்டாதவர், பம்பாயில் சைக்கிளில் ஏறும்போது மட்டும் பேன்ட்தான். சிவசேனை 1966இல் தொடங்கியது. தென்னிந்தியர்கள் மராத்தியரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று லுங்கிக்காரர்களைக் குறிவைத்துக் கிளம்பினார்கள், உடுப்பி ஹோட்டல்கள் அடி வாங்கின. பெரியப்பா வந்தது அதற்கு இரண்டொரு வருஷம் கழித்து. அந்தப் பயத்தில் போட்ட பேன்ட்டை, பயம் போன பிறகும் அவர் கழற்றவில்லை. தாதர் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் விற்கத் தொடங்கியதும் அதே 1966தான் என்பார்கள். இட்லிக்கு எதிராக வடாபாவை நிறுத்தின அரசியலும் பிறகு வந்தது. ஜெயித்தது யார் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. வடாபாவ் விற்கிற அதே மூலையில் இட்லிச் சைக்கிளும் நிற்கிறது, ஒரே ஆள் இரண்டையும் தின்றுவிட்டு ரயில் பிடிக்கிறான்.

மாட்டுங்கா ஹோட்டல்களைப் பற்றி புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள். எனக்கு அந்தச் சந்தில் நின்றபோது தோன்றியதைச் சொல்கிறேன். பம்பாயில் ஹோட்டலுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்ற ஆறு நாளும் லட்சக்கணக்கான வாய்களுக்கு இட்லியைப் பழக்கினது இந்த ஹாரன்காரர்கள்தான். பெயரில்லாத இட்லி, பலகையில்லாத கடை.

திங்கட்கிழமை அன்று பெரியம்மையிடம், பெரியப்பா ஏன் மாட்டுங்காவுக்குப் போகவே மாட்டார் என்று அக்கா மறுபடி கேட்டாள். பெரியம்மை சிரிக்கவில்லை.

“உங்க பெரியப்பா ஒருக்கப் போயிருக்காவ. நம்ம பேச்சக் கேட்டதும் எந்த ஊருன்னு கேட்டிருக்கான். ஊரச் சொல்லியிருக்காவ. அடுத்து எந்தத் தெருன்னு கேட்டிருக்கான். அன்னைக்குத் திரும்பி வந்தவியதான். வடாலாக்காரன் கேக்கதெல்லாம் சட்னி கூடக் கெடைக்குமாங்கது ஒண்ணுதான்.”

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பனங்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பெரியம்ம, நீங்க?” என்றாள். நாற்பத்தைந்து வருஷமாக அங்கே இருக்கிற பெரியம்மை, மாட்டுங்காவில் காய் வாங்கியிருக்கிறாள், பூ வாங்கியிருக்கிறாள். சாப்பிட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பொங்கல். 90 அடி சாலையில் செங்கல் அடுக்கி வரிசையாக அடுப்பு, மண்பானை, கரும்பு. இட்லிச் சைக்கிள்களுக்கு அன்று லீவு. பானை பொங்கினதும் ஒரு முனையில் எழுந்த குலவை அடுத்தடுத்த பானைக்குத் தாவிப் போனது. போட்டோ எடுக்க வந்தவர்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். அக்காவின் பானை சாலைப் பக்கம் பொங்கியது, எந்தத் திசை நல்லது என்பதில் பெரியம்மைக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம்.

தாராவியை இடித்துக் கட்டுகிற டெண்டர் பேச்சு அந்த மாதம்தான் மறுபடி சூடாகியிருந்தது. அந்த டெண்டர் ரத்தாகி, 2022இல் புது டெண்டர் அதானி குழுமத்துக்குப் போனது. தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். அளவு பழைய அறையைவிடப் பெரிதுதான். ஆனால் பன்னிரண்டாவது மாடியில் விடியக்காலை மூன்று மணிக்கு இட்லிக் கொப்பரை ஏற்ற முடியுமா, அலுமினியப் பாத்திரம் கட்டிய சைக்கிளை லிஃப்டில் ஏற்ற விடுவார்களா? அந்தப் பெண்ணின் சமையலறை பாதி வீட்டிலும் பாதி சந்திலும் இருக்கிறது. வரைபடம் போடுகிறவர்கள் அந்தச் சந்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

செம்பூரில் அண்ணன் எங்களைச் சும்மா விடவில்லை. சேடா நகர் முருகன் கோயிலுக்குப் படியேற்றி இறக்கினான். பிறகு செம்பூர் கேம்ப். பிரிவினையில் சிந்துவிலிருந்து ஓடிவந்தவர்களைக் குடியமர்த்திய இடம், இன்றைக்குப் பெயர்போன சாப்பாட்டுத் தெரு. தால் பக்வான் வாங்கிக் கொடுத்தான். தட்டையான மொறுமொறுப்புப் பூரி, மேலே கடலைப்பருப்பு, பச்சை வெங்காயம், புளிச்சட்னி. காலையில் எண்ணெயில் பொரித்ததைத் தின்னமாட்டேன் என்று முரண்டு பிடித்த அக்கா, முடித்ததும் கடைக்காரரிடம் பருப்பு எத்தனை மணி நேரம் ஊறியது என்று கேட்கச் சொன்னாள். அண்ணன் இந்தியில் கேட்டான், அவர் விரலில் காட்டினார். “நூறு புள்ளைக்கு அஞ்சு கிலோ போதும். ஏன் இதெல்லாம் கவர்மென்டுக்குத் தோணல?” என்றாள். ஜாமா கடை குலாப் ஜாமூன் பற்றி மட்டும் அவள் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கேட்டாள்.

புதன்கிழமை ஸ்டிரைக் முடிந்தது. வியாழக்கிழமை பெரியம்மையை பஸ்ஸில் ஏற்றி மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முழங்கால் வலிக்கு ராமநாயக் மாடி ஆகாது என்பதால் கஃபே மெட்ராஸ். ஏதோ விசேஷ வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டி, தோளில் ஒரு மஞ்சள் பை. வார நாள் என்பதால் கூட்டம் குறைவு. ஆனாலும் பெயர் எழுதவேண்டியிருந்தது. எழுதுகிற ஆள் பக்கத்தில் வந்தபோது பெரியம்மை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பெயர் கேட்டார், எத்தனை பேர் என்று கேட்டார், அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

“அவ்வளவுதானா கேப்பான்?” என்றாள் பெரியம்மை.

உள்ளே இட்லி வந்தது. விரலால் ஒரு ஓரத்தை அமுக்கிப் பார்த்தாள், எழும்பி வந்தது. பிய்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள், சட்னி தொடாமல் வாயில் போட்டாள். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டே இருந்தோம். “நல்லாத்தான் இருக்கு. நம்மளதவிட உளுந்து கூட. புளிப்பு நம்மளதுலதான்” என்றாள். பிறகு சுவரில் விலைப்பட்டியலைப் படிக்கச் சொன்னாள். அக்கா வாசித்தாள். பெரியம்மை மனசுக்குள் ஏதோ பெருக்கிப் பார்த்து, “ஏ ஆத்தி! இதுக்கு உங்க பெரியப்பா ரெண்டு தெரு சுத்துவாவளே” என்று வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் விஷயம் தெரியாமலே சிரித்தார்கள்.

எழுந்திருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு பிளேட் பார்சல் சொல்லச் சொன்னாள். அவளும் ஒரு தடவை நொட்டம் சொல்லிப் பார்க்கட்டுமாம். சட்னி, சாம்பாரை எதில் தருவது என்று பரிமாறுகிறவர் யோசித்தார். பெரியம்மை மஞ்சள் பைக்குள் கைவிட்டு இரண்டு அலுமினியத் தூக்குவாளிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எங்ககிட்ட இருக்குன்னு சொல்லுட்டி அவன்கிட்ட.”